வாசலுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3

என் பொடிசுக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே இரண்டு கிழங்களும் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாயா என்பதை மறைக்காமல் எழுது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. பெரியவன் கப்பலில் இரண்டாவது எஞ்சினியர் ஆகிவிட்டான். சைக்கிள் செயின் மாட்டத் தெரியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதவன், இப்போது கப்பலையே ஓட்டுகிறான். நடுப்பெண் நர்ஸ் படிப்பில் மெடல் வாங்கியிருக்கிறாள். ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள்! கடைக்குட்டி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. பாதி வழியில் ஷூ கழன்றுவிட்டதாம். ஒற்றை ஷூவோடு இரண்டாவது வருவது, இரண்டு ஷூவோடு முதலாவது வருவதைவிடப் பெரிது என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. முதலாவது வந்தது அவள் பேரன்.

எல்லாருக்கும் மேலே நீ. மற்றதுகள் பரீட்சை எழுதியிருக்கலாம். சட்டமே எழுதியவள் யார்? பழைய வீடுகளை இடிக்காமல் காப்பாற்றும் சட்டத்தை என் பேத்திதான் எழுதினாள் என்று இந்தத் தெருவில் சொல்லாத ஆளில்லை. நம் வீட்டு முகப்பில் போன மாதம் வெண்கலத் தகடு அடித்தார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று எழுதியிருக்கிறது. கல் படிகள், மரப் பால்கனி, கதவுக்கு மேலே இருக்கும் நீலக் கண்ணாடி எல்லாவற்றையும் நகரசபையிலிருந்து வந்த ஒருவர் அளந்து எழுதிக்கொண்டு போனார். கழுத்தில் எப்போதும் அளக்கிற டேப்பு தொங்கும். டேப்காரர் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

"இந்தச் சட்டம் எம் பேத்தி எழுதினது" என்றேன்.

"அப்படியா? அப்ப ஊருக்கே நீங்கதான் முன்மாதிரி பாட்டி" என்றார்.

அதிலிருந்து நான் எதைச் செய்தாலும் மனுப் போட்டுவிட்டுத்தான் செய்கிறேன். சமையலறையில் ஒரு பலகை அடிக்க மனு. கூடத்துக்கு வெள்ளையடிக்க மனு. படுக்கையறை விளக்கை இடம் மாற்ற மனு. டேப்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இந்த ஊர்ல ஒருத்தர்கூட இப்படிக் கேட்டுச் செஞ்சதில்ல பாட்டி" என்றார். அஞ்சாம் கிளாஸோடு நிறுத்தியவள் எழுதும் மனுவை அவர் அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டுகிறாராம்.

தாத்தா சக்கர நாற்காலியில் ராஜா மாதிரி இருக்கிறார். வாதம் வந்த இடது கை, இடது கால் இன்னும் தேறவில்லை. பேச்சு கொஞ்சம் கொழகொழவென்று வருகிறது. டாக்டர் நிறைய முன்னேற்றம் என்கிறார்.

உன் வெற்றிகளையே எண்ணிக்கொண்டிருக்கும்,
பாட்டி


பிப்ரவரி 19

பாட்டிக்கு,

சாப்பிடுகிறேன். கண்ணாடியும் போடுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன், போதுமா?

அண்ணன் கப்பலை ஓட்டவில்லை பாட்டி, எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறான். எதிர்வீட்டுப் பாட்டியை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? என்னைப் பற்றியும் அவ்வளவு சொல்லாதீர்கள். எங்கள் துறையில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து செய்த வேலை அது.

ஆனால் ஒன்று புரியவில்லை. சமையலறைப் பலகைக்கு எதற்கு மனு? நகரசபைக்கும் உங்கள் பலகைக்கும் என்ன சம்பந்தம்?

தாத்தாவைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சக்கர நாற்காலி வந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு யோசனை. அந்தப் பின்பக்கத்துக் குளியலறைக் கதவு ரொம்பக் குறுகல். நாற்காலி அதில் நுழைகிறதா? தாத்தா எப்படிக் குளிக்கிறார்?

அன்புடன்,
பொடிசு


மார்ச் 11

என் பொடிசுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். உனக்குச் சளி பிடித்திருக்குமே, அங்கே குளிர் அதிகம் என்று வானொலியில் சொன்னான்.

நடுப்பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. முதல் நாளே ஒரு டாக்டருக்குத் தப்பைச் சுட்டிக்காட்டினாளாம். அந்த வாய் என்னிடமிருந்து வந்தது என்று தாத்தா சொல்கிறார். வாய் என்று வந்துவிட்டால் அவர் சொல்வதில் தப்பிருக்காது. ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்தவர் ஆயிற்றே. இப்போதும் தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு போனால் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அது நம்ம பல்லு" என்பார்.

டேப்காரர் நேற்று வந்திருந்தார். எங்கள் வீட்டைச் சுற்றி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். கூடத்துக்கு நான் கேட்ட வெள்ளை கூடாதாம், கொஞ்சம் பழுப்புக் கலந்த வெள்ளைதான் அடிக்கலாமாம். சுவரைச் சுரண்டி அடியில் இருந்த பழைய நிறத்தைக் காட்டினார்.

"பாருங்க பாட்டி, நூறு வருஷத்துக்கு முன்னாடி இதுதான்."

"அப்ப அதையே அடிச்சிடலாம்" என்றேன். மனிதர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

பின்பக்கத்தில் ஒரு சின்ன வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அதற்கு மட்டும் அனுமதி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுவரும் அந்த மர நிலையும் வீடு கட்டினபோது வைத்ததாம், தொடக்கூடாதாம். பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரி, "இடம் கொடுத்தா மடம் பிடுங்குவாங்க, பேசாம ராத்திரியோட ராத்திரியா இடிச்சுடு" என்றாள். பேத்தி போட்ட சட்டத்தைப் பாட்டியே மீறினால் ஊர் சிரிக்காதா? நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

பலகைக்கு எதற்கு மனு என்று கேட்டிருந்தாய். உனக்கு அடக்கம் ஜாஸ்தி.

உன் சளிக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லும்,
பாட்டி


மார்ச் 22

பாட்டிக்கு,

எனக்குச் சளி இல்லை.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பின்பக்கத்துச் சின்ன வேலை என்றால் எந்த வேலை? நிலை என்றால் எந்தக் கதவின் நிலை?

தாத்தாவுக்கு என் முத்தம்.

பொடிசு


ஏப்ரல் 24

என் பொடிசுக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை என்று கோபிக்காதே. முதுகில் ஒரு பிடிப்பு. குனிந்து எழுத முடியவில்லை. இப்போது சரியாகிவிட்டது. நீ நலமா? வேலையில் மேலே போகப்போகிறாய் என்று உன் அம்மா எழுதியிருந்தாள். போவாய். எனக்குத் தெரியும்.

கடைக்குட்டி மறுபடி ஓடினான், இந்தத் தடவை ஷூ கழலவில்லை. முதலாவது! எதிர்வீட்டில் அன்று முழுக்க ஜன்னல் திறக்கவில்லை.

உனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். தாத்தாவுக்குக் கூடத்திலேயே ஒரு மூலையில் கயிறு கட்டித் திரை போட்டிருக்கிறேன். நாற்காலியை அங்கே தள்ளி, கீழே பெரிய தொட்டியை வைத்து, சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் துடைத்துவிடுவேன். சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரிதான். போன வாரம் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். தபால்காரர் கையெழுத்து வாங்க வேண்டுமென்று கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். என் முழங்கை பட்டுத் திரையும் விழுந்துவிட்டது. தாத்தாவின் நல்ல கை நாற்காலியைப் பிடித்திருந்தது. துண்டை எடுக்க முடியாமல் பல்லால் கவ்வி இழுத்து மூடிக்கொண்டார். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டினவருக்கு ஆபத்துக்கு உதவறது பல்லுதான்" என்று சொல்லி நான் சிரித்தேன். தபால்காரரும் சிரித்தார்.

தாத்தா சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் பேசவில்லை. குளிக்கவும் மாட்டேன் என்றார். இப்போது பேசுகிறார். குளிப்பதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

வீட்டு முகப்பைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை டேப்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் நீலக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்கள். நான் பால்கனியிலிருந்து கை ஆட்டினேன்.

இப்படிக்கு,
பாட்டி


ஏப்ரல் 29

பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சட்டத்தை நான் எழுதவில்லை பாட்டி. வேலைக்கு வந்த புதிதில் ஊருக்குப் போன் செய்தபோது ஏதோ பெருமையில் "நாங்க ஒரு சட்டம் எழுதறோம்" என்றேன். நீங்கள் அதை "நான்" ஆக்கிவிட்டீர்கள். திருத்தலாம் என்று நினைக்கும்போதெல்லாம் உங்கள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு விட்டுவிட்டேன்.

அதில் நான் எழுதியது ஒரே ஒரு வரி. எங்கள் மேலதிகாரி வீட்டின் உள்ளேயும் நகரசபைக்கு அதிகாரம் வேண்டும் என்றார். கூடாது என்று நான் மட்டும் எதிர்த்துப் பேசினேன். வீதியில் போகிறவர்கள் பார்த்து ரசிக்கிற முகப்பு ஊருக்கும் சொந்தம். அதைக் காப்பாற்ற நகரசபை கேட்கலாம். கதவுக்கு உள்ளே இருப்பது அங்கே வாழ்கிறவர்களுடையது. அதில் கை வைக்க நகரசபைக்கு உரிமை இல்லை என்றேன். கத்தியே பேசினேன். கடைசியில் அவர், "சரி, நீயே எழுது" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன்:

"வீதியிலிருந்து பார்வைக்குப் படாத எந்தப் பகுதியின் மீதும் இந்தச் சட்டம் நகரசபைக்கு எந்த அதிகாரமும் அளிக்காது."

ஒன்பதாவது பிரிவு. என் சட்டம் அவ்வளவுதான். அதை எழுதும்போது எனக்கு எந்த வீடு மனத்தில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

நீங்கள் மனுப் போட்டதால் அவர்களும் அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டிருக்கவே வேண்டாம். குளியலறைக் கதவை அகலமாக்க அவர்கள் அனுமதி மறுத்ததற்கு எதிராக மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அங்கே போங்கள். நான் வந்து வாதாட முடியாது. என் துறைச் சட்டத்தில் என் குடும்பத்துக்காக நானே நிற்பது முறையில்லை. சட்டத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது பிரிவில் கோடு போட்டிருக்கிறேன்.

தயவுசெய்து போங்கள் பாட்டி.

பொடிசு


ஜூன் 2

பொடிசுக்கு,

நலம். நீ நலமா.

ஒரு மாதத்துக்கு மேல் நான் எழுதாததற்கு முதுகு காரணமில்லை. கோபம்தான் காரணம்.

ஒரே ஒரு வரியா? தெருவில், கடையில், ஆஸ்பத்திரியில், தகடு அடிக்க வந்தவனிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே! ஒரு புத்தகம் முழுக்க என் பேத்தி எழுதினது என்று. இனிமேல் எந்த முகத்தோடு போய் ஒரு வரி என்று சொல்வேன்? எதிர்வீட்டுக்காரி விடுவாளா? நீ முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் குறைத்தாவது சொல்லியிருப்பேன்.

உன் காகிதத்தைத் தொடவே இல்லை. அலமாரியில் போட்டுவிட்டேன். தாத்தாதான் தினமும் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று, "படி" என்றார். படித்தேன். எனக்கு அந்தச் சட்டத் தமிழ் சுலபமாக வராது, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முதல் பிரிவிலிருந்து அது கூடாது, இது கூடாது, அனுமதியின்றி எதுவும் கூடாது. எல்லாம் கூடாது. ஒன்பதுக்கு வந்தேன். படித்து முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்:

"மத்தவங்க எழுதினது... வீட்டுக்கு. நம்ம பிள்ளை எழுதினது... வீட்டுல இருக்கறவங்களுக்கு."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அழுதேன் என்று எழுத மாட்டேன்.

இத்தனை நாள் எதை உன் சட்டம் என்று நினைத்துக் கட்டிக் காத்தேனோ, அது உன்னுடையதே இல்லை. உன்னுடையதை நானே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் கிழவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து.

இன்று காலை போய் மேல்முறையீடு கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. பாதி உன் மேல், பாதி என் மேல்.

பாட்டி


ஜூன் 11

பாட்டிக்கு,

என் மேல் உள்ள பாதியை நான் வரும்போது திட்டித் தீர்த்துவிடுங்கள். உங்கள் மேல் உள்ள பாதியை இன்றே விட்டுவிடுங்கள்.

குழுவின் முன்னால் என்னைப் பற்றிப் பேசாதீர்கள். கடைக்குட்டியைப் பற்றியும், கப்பலைப் பற்றியும் பேசாதீர்கள். என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தாத்தாவையும் அழைத்துப் போங்கள். முன்வாசல் படியில் இறக்காதீர்கள், பின் சந்து வழியாகப் போங்கள். நகரசபைக்கு ஒரு வக்கீல் வருவார். அவர் சொல்வதைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

நான் இங்கே விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பொடிசு


ஜூலை 16

என் பொடிசுக்கு,

இருவரும் சௌக்கியம். நகத்தைக் கடிக்காதே, வயிற்றுக்கு ஆகாது.

நேற்று விசாரணை. முழுவதும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஒரு நீளமான அறை. ஒரு மின்விசிறி சுற்றியது, இன்னொன்று சுற்றுவது போலப் பாவனை செய்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அம்மா. வெள்ளை முடி, கடுகடுப்பான முகம். தாத்தா அவர்களையே உற்றுப் பார்த்தார். என் கையைச் சுரண்டி, "நம்ம பல்லு. மேல் செட்டு" என்றார். நல்லவேளை, அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் உடனே புரியும்.

டேப்காரர் முதலில் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அழகாகப் பேசினார். அந்த நிலை ஒரே மரத்தில் குடைந்ததாம், அப்படி இந்த ஊரில் இன்னும் இரண்டோ மூன்றோதான் இருக்குமாம். "உள்ள எல்லாரும் இஷ்டத்துக்கு இடிச்சுட்டா, வெளிய முகப்பு மட்டும் முகமூடி மாதிரி நிக்கும் அம்மா" என்றார். எனக்கே அவர் பக்கம் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. தாத்தா மட்டும் இல்லையென்றால் சாய்ந்திருப்பேன்.

அப்புறம் வக்கீல் எழுந்தார். மெல்லிய குரல். கையில் ஒரு கட்டு. பார்த்தால், எல்லாம் என் மனுக்கள்! பலகை, வெள்ளை, விளக்கு.

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"யாரும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல."

"அப்ப வீட்டுக்குள்ள நகரசபைக்கு அதிகாரம் இருக்குன்னு நீங்களே பல தடவை ஒத்துக்கிட்டிருக்கீங்க. இப்ப உங்களுக்குப் பிடிக்காத பதில் வந்ததும் அதிகாரம் இல்லேங்கறீங்க. அப்படித்தானே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. பெருமைக்காக எழுதிய காகிதம் ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிராக மேஜையில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் போயிற்று, இந்த மனிதர் ஆயுசுக்கும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் என்று நினைத்தேன்.

தலைவர் அம்மா என்னைப் பார்த்து, "ஏன் இவ்வளவு மனு குடுத்தீங்க?" என்றார்.

உன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். நானும் வாயை இறுக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கேட்டால் பொய் சொல்ல முடியுமா? "எம் பேத்தி எழுதின சட்டம்னு நெனச்சேன். அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னு குடுத்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அவ எழுதினது ஒன்பதாவது மட்டும்தான்னு" என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த ஒருவர் இருமி மறைத்துக்கொண்டு சிரித்தார். தலைவர் அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து ஒன்பதாவதை வாய்விட்டுப் படித்தார்.

படித்துவிட்டுத் தாத்தா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். தாத்தா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கதவ... சாத்திட்டு... குளிக்கணும்."

எல்லாருக்கும் புரிந்தது. யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். அப்புறம் தலைவர் அம்மா வக்கீலிடம் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் எழுதி வைத்துக்கொண்டேன். "சட்டம் குடுக்காத அதிகாரத்த ஒரு பாட்டியோட மனு குடுத்துட முடியாது. அவங்க கேட்டாங்கங்கறதுக்காக நகரசபைக்குப் புதுசா ஒரு கை முளைக்காது. நீங்கதான் முதல் மனுவையே 'இது எங்க வேலை இல்ல'ன்னு திருப்பி அனுப்பியிருக்கணும்."

டேப்காரரிடம் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்களுக்கு அந்த வீட்டு மேல ஆசை. புரியுது. ஆனா ஆசை வேற, அதிகாரம் வேற" என்றார்.

தீர்ப்பு இதுதான்: முகப்பு, படி, பால்கனி, நீலக் கண்ணாடி எல்லாம் நகரசபையைக் கேட்டுத்தான் தொட வேண்டும். நகரசபையும் மறுப்பதானால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும். உள்ளே எங்கள் இஷ்டம். "சம்மதமா?" என்றார். "முகப்பு ஊருக்கு அம்மா, அத நான் கேக்கவே இல்ல" என்றேன்.

வெளியே வரும்போது தாத்தா தலைவர் அம்மாவிடம் ஏதோ சொல்லப் போனார். நாற்காலியை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். மேல் செட்டு கொஞ்சம் லூஸாக இருக்கிறது, கடைக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் போனாராம்.

ஊரிலேயே தைரியமான பேத்தியின்,
பாட்டி


ஆகஸ்ட் 20

என் பொடிசுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இதை மெய்யாகவே எழுதுகிறேன்.

தீர்ப்புக் காகிதம் வந்த மறுநாளே கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன். அன்று காலை டேப்காரர் வந்தார். வழக்கமாக விறுவிறுவென்று சமையலறை வரைக்கும் போய்விடுகிறவர், வாசலுக்கு அந்தப் பக்கமே செருப்போடு நின்றார்.

"உள்ள வரலாமா பாட்டி?"

எத்தனையோ தடவை வந்திருக்கிறார். இப்படிக் கேட்டதில்லை. "வாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது, வீட்டை இப்போதுதான் என் பெயருக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

டீ குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "உத்தரவு இல்ல பாட்டி, சும்மா கேக்கறேன். அந்த நிலைய உடைக்காம எடுக்க முடியுமான்னு பாருங்க" என்றார். உத்தரவு போட்டபோது வராத மனசு, கேட்டபோது வந்துவிட்டது. கொத்தனாரும் தச்சரும் அதை முழுசாகக் கழற்றி எடுத்தார்கள். குளியலறைக்கு அது பத்தாது. படுக்கையறைக்குள் போகிற வழியில் கதவே இல்லாமல் இருந்ததே, அங்கே நிற்க வைத்துவிட்டோம். டேப்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார்.

இப்போது குளியலறை வாசல் அகலம். நாற்காலி இடிக்காமல் போகிறது. உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார ஒரு மேடை. முதல் நாள் நானும் கூடவே போனேன். தண்ணீரைத் திருப்பிவிட்டேன், சோப்பைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். "போ" என்றார். "விழுந்துடுவீங்க" என்றேன். "போ" என்றார். வெளியே வந்தேன். உள்ளேயிருந்து கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தில் அவர் எத்தனையோ தடவை கதவைச் சாத்தியிருக்கிறார். நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது. கதவில் காதை வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு? சொல்லுங்களேன்" என்றேன்.

"இருக்கேன்" என்றார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அதுக்குத்தான் இருக்கேன்."

கடைக்குட்டி நம் மாவட்டத்துக்காக ஓடப் போகிறான். பெரியவன் அடுத்த துறைமுகத்திலிருந்து எழுதுவானாம். நடுப்பெண் இன்னொரு டாக்டரையும் திருத்திவிட்டாளாம். ஆனால் இப்போது தெருவில் யார் கேட்டாலும் நான் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்கிறேன். ஒன்பதாவதை மனப்பாடமாகவே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரி அதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டிலும் தகடு அடித்திருக்கிறார்கள். மாடியில் ஒரு சுவரை எடுக்க வேண்டுமாம்.

வேலை முடிந்ததைப் பார்க்க டேப்காரர் மறுபடி வந்தார். மறுபடியும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். போகும்போது, "எங்கள எல்லாம் வாசல்லயே நிறுத்தின அந்த வரிய எழுதினவங்க முகத்த ஒரு தடவ பாக்கணும் பாட்டி" என்றார். பெருமையாக அலமாரியைத் திறந்தேன். உன் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. ஆறு வயசு, முன்பல் இரண்டும் விழுந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு, என் சேலையைப் பிடித்தபடி நிற்கிறாய். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மனிதர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார். "இவங்களா எங்க வக்கீல ஜெயிச்சாங்க?" என்றார்.

எனக்கு மானம் போகிறது. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே, சோம்பல் படாமல், பல்லெல்லாம் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

பாட்டி